ஏமாந்தவன் குற்றம்

"ஏமாறுகிறவன் இருக்கிறவரையில் ஏமாற்றுகிறவனும் இருப்பான்" என்று நம்மிடையே ஒரு வசனம் வழங்கி வருகிறது. இதைச் சொல்கிறவர், சொல்கிற சமயத்தில், தாம் ஏமாறாதவராக இருப்பார். அவ்வளவுதான் இந்த வசனத்தைப் பற்றி நிச்சயமாகச் சொல்ல முடியும். என் பெரியப்பாவின் காதில் விழும்படியாக எங்கள் வீட்டில் இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது. அர்த்தம் தெரிந்து சொன்னேன் என்று கூற முடியாது. பெரியவர்கள் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சொல்லிச் சிரித்தேன்.

பெரியப்பா சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தார். ஊரார் சொத்துப் பத்திரங்களை வாழ்நாள் முழுவதும் நகல் எடுத்தவர். நான்கு எல்லைகளும் சரியாக இருக்கின்றனவா, சர்வே எண் பிசகாமல் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்க்காமல் எந்தத் தாளையும் கீழே வைக்க மாட்டார். வாரம் தவறாமல் லாட்டரிச் சீட்டு வாங்கும் என் தகப்பனாரை, "உழைக்காத காசு ஒட்டாது தம்பி" என்று கண்டித்தவரும் அவர்தான். அப்படிப்பட்டவர் ஒரு பத்திரிகை விளம்பரத்தில் விழுந்தார்.

அந்த விளம்பரம் வாசகர்களில் நடுவயதைத் தாண்டிய பலருக்கு நினைவிருக்கும். ஒன்பது கட்டங்கள் போட்டிருக்கும். 1 முதல் 9 வரையுள்ள எண்களை, நெடுக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் எப்படிக் கூட்டினாலும் 15 வரும்படி நிரப்ப வேண்டும். சரியான விடை அனுப்புகிறவர்களுக்கு ரேடியோவும் டேப்ரிக்கார்டரும் சேர்ந்த 'டூ-இன்-ஒன்' பரிசு. வடக்கே ஒரு பெரிய நகரத்தின் தபால் பெட்டி எண் கொடுத்திருந்தது. பெரியப்பா மூன்று நாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பலப்பமும் சிலேட்டுமாக அதைப் போட்டார். என் சிலேட்டுத்தான். மூன்றாம் நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் அவர் முகத்தில் வந்த பிரகாசத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஆபீசில் முப்பது வருஷமாகப் பிறர் எழுதியதைத் திரும்ப எழுதியவர், தாமாகவே ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. "தங்கள் விடை சரியானது. வாழ்த்துக்கள்!" என்று அச்சடித்து, அவர் பெயரை மட்டும் தட்டெழுத்தில் சேர்த்திருந்தார்கள். கட்டுக்கூலி, வரி வகையறாவுக்கு 350 ரூபாய் வி.பி.பி.யில் செலுத்தினால் போதும். அந்தக் கடிதத்தை அவர் தெருவில் எல்லோரிடமும் காட்டினார். பார்சல் வந்தபோது தெருவே திண்ணைக்கு வந்தது. பணத்தைத் தபால்காரரிடம் எண்ணிக் கொடுத்துவிட்டுப் பிரித்தார். ரேடியோவைப் போலச் செய்த ஒரு பிளாஸ்டிக் பெட்டி. திருகினால் திரும்பாத குமிழ்கள். கனத்துக்காக உள்ளே, பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய அரைச் செங்கல்.

"என்ன அண்ணே, பாடுதா?" என்று கேட்டார் என் தகப்பனார்.

"நீங்க சும்மா இருங்க தம்பி" என்றாள் பெரியம்மா. கூட்டம் கலைந்த பிறகு அவளாகவே மெல்லிய குரலில், "முந்நூத்தம்பது ரூபாய்ங்க. நம்ம வீட்டு அரிசிங்க" என்று சொன்னாள். பெரியப்பா பதில் சொல்லவில்லை. போலீசில் எழுதிக் கொடுக்கலாம் என்று தகப்பனார் யோசனை சொன்னபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

"எதை எழுதிக் கொடுக்கச் சொல்றே? இனாமாப் பரிசு வரலேன்னா? ஏட்டையா சிரிப்பாரு."

பெட்டி பரணுக்குப் போயிற்று. அவர் அதைப் பற்றிப் பேசவேயில்லை. கொஞ்ச நாளில் வேறு விஷயங்களைப் பற்றியும் பேசுவது குறைந்துவிட்டது.

ஏட்டையா சிரித்திருப்பாரா, மாட்டாரா என்பதல்ல என் கேள்வி. சிரிக்க அவருக்கு உரிமை உண்டா என்பதுதான். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு பெரிய தேசம் இதற்கென்றே ஒரு சட்டம் செய்து, ஒன்றரை நூற்றாண்டாக அதை வைத்து வழக்கு நடத்தி வருகிறது. அந்த வழக்குகளைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோதெல்லாம் எனக்குப் பெரியப்பாவின் திண்ணை நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. நான் சட்டம் படித்தவன் அல்ல. கல்லூரிப் படிப்பையே முழுசாக முடித்தவன் அல்ல. கதை எழுதுகிறவன் என்ற முறையில்தான் அவற்றைப் பார்க்கிறேன்.

அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் 1865ல் முடிந்தது. ரயில் பாதைகள் நீண்டன, தபால் மலிவாயிற்று. நியூயார்க்கில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் குடியானவனின் வீட்டுக்குள் தன் பேச்சை அனுப்பலாம் என்ற நிலைமை வந்தது. அவன் முகத்தை இவன் பார்க்கப் போவதில்லை. இவன் முகத்தை அவன் பார்க்க வேண்டியதில்லை. வஞ்சகத்துக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? 1872ல் தபால் சட்டங்களை அந்த நாட்டுக் காங்கிரஸ் திருத்தித் தொகுத்தபோது, மோசடி செய்யும் நோக்கத்தோடு தபாலைப் பயன்படுத்துவதே குற்றம் என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். தண்டனை அப்போது ஒன்றரை வருஷச் சிறை, 500 டாலர் அபராதம் வரையில். 2002க்குப் பிறகு அது இருபது வருஷம் வரையில் போகலாம் என்று ஆகியிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நம் ஊரில் 420ஆம் பிரிவு என்பது வசைச் சொல்லாகவே ஆகிவிட்டது. 2024 ஜூலையில் இந்திய தண்டனைச் சட்டம் போய், புதிய சட்டத்தில் அந்தக் குற்றம் 318ஆம் பிரிவுக்கு மாறிவிட்ட பிறகும், யாரும் யாரையும் 'முந்நூற்றுப் பதினெட்டு' என்று திட்டக் காணோம். அந்தப் பிரிவில் ஒருவன் ஏமாந்து பொருளைக் கொடுத்தால்தான் குற்றம் பூர்த்தியாகும். இல்லாவிட்டால் முயற்சி என்ற அளவில் நிற்கும். அமெரிக்கத் தபால் சட்டமோ ஏமாந்தவனை எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை. சூழ்ச்சி ஒன்று வேண்டும். அதை நிறைவேற்றுவதற்காகத் தபாலில் ஒரு கடிதம் போக வேண்டும். போதும். பெற்றவன் படித்துவிட்டுச் சிரித்து அடுப்பில் போட்டிருந்தாலும் குற்றம் குற்றமே.

வேடிக்கையாக இருக்கிறதல்லவா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. தபால்தலை ஒட்டியதற்கா தண்டனை என்று கேட்கலாம். மத்திய அரசாங்கம் எந்தப் பொய்யையும் பிடித்துத் தண்டிக்க அங்கே அதிகாரம் இல்லை. தபால் அதன் கையில் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள் என்பது சட்டக்காரர்கள் தரும் விளக்கம். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. குற்றம் எங்கே நடந்தது என்று கேட்டால், 'ஏமாந்தவன் புத்தியில்' என்று நாம் சொல்கிறோம்; 'அனுப்பியவன் கையில்' என்று இந்தச் சட்டம் சொல்கிறது. கடிதம் பெட்டிக்குள் விழுந்த அந்த நிமிஷத்திலேயே கணக்கு முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் பெற்றவன் புத்திசாலியா, அசடா, ஆசைக்காரனா என்பது அவன் சொந்த விஷயம்.

ஆசைக்காரன் என்றேன். 'பேராசை பெருநஷ்டம்' என்பது நம் கையில் இருக்கும் இன்னொரு தடி. ஏமாந்தவனை அடிக்க இதைப் போல வாகான தடி வேறில்லை. இந்தச் சட்டத்தின் ஆரம்ப காலத்தில் நடந்த ஒரு மோசடியைச் சொன்னால், அந்தத் தடிக்கும் எவ்வளவு தூரம் நீளம் என்று பார்த்துக்கொள்ளலாம். 'பச்சைச் சரக்கு' என்று அதற்கு அங்கே பெயர். டாலர் நோட்டின் நிறம் பச்சை. கிராமத்துக் கடைக்காரனுக்கு ஒரு சுற்றறிக்கை வரும்: எங்களிடம் கள்ள நோட்டு இருக்கிறது, அசலுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது, குறைந்த விலைக்குக் கொடுக்கிறோம் என்று. ஆசை பிடித்தவன் ரயிலேறி வருவான். நல்ல நோட்டையே கள்ள நோட்டு என்று காட்டுவார்கள். பார்த்து மயங்கிப் பணத்தைக் கொடுத்துப் பையை வாங்கிக்கொண்டு ஊர் போய்த் திறந்தால் உள்ளே மரத்தூள் இருக்கும்.

இவன் யாரிடம் போய்ச் சொல்வான்? கள்ள நோட்டு வாங்கப் போனேன், நல்லபடியாகக் கொடுக்கவில்லை என்றா? அந்த வெட்கத்தையே முதலாக வைத்து நடந்த வியாபாரம் அது. ஏமாந்தவன் யோக்கியனல்ல, சந்தேகமேயில்லை. ஆனாலும் 1889ல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது, இந்த 'பச்சைச் சரக்கு', 'மரத்தூள்' மோசடிகளைப் பெயர் சொல்லியே உள்ளே சேர்த்தார்கள். ஏமாந்தவன் அயோக்கியன் என்பது ஏமாற்றியவனுக்குப் பாத்தியதை ஆகிவிடாது என்பதுதான் அதன் பொருள். யோசித்துப் பார்த்தால் இது கடுமையான நியாயம். நம்முடைய அனுதாபத்தைக் கேட்காத நியாயம். அனுதாபத்தைக் கேட்காததனாலேயே அதன்மேல் எனக்கு மரியாதை ஏற்படுகிறது.

1896ல் இன்னொரு கட்டம் வந்தது. பென்சில்வேனியாவில் டர்லண்ட் என்பவர் மாதாமாதம் பணம் கட்டினால் பிற்பாடு பெருந்தொகை தருவதாகக் கடன் பத்திரங்கள் விற்றார். அவர் கட்சி சாமர்த்தியமானது. "நான் நடந்ததைப் பற்றியோ, இருப்பதைப் பற்றியோ பொய் சொல்லவில்லை. வரப்போவதைப் பற்றி வாக்குக் கொடுத்தேன். எதிர்காலம் எப்படிப் பொய்யாகும்?" என்று வாதாடினார். பழைய சட்டப்படி அதில் விஷயமும் இருந்தது. சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்கவில்லை. நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் கொடுத்த வாக்குறுதி, கொடுத்த அன்றைக்கே பொய் என்று தீர்ப்பாயிற்று. நாளைக்கு மழை வரும் என்று சொல்லி வராமற் போனால் பொய்யனல்ல. நாளைக்கு வருகிறேன் என்று, வராத தீர்மானத்தோடு சொன்னவன் பொய்யன். கிராமத்துக் கிழவிகளுக்குத் தெரிந்த இந்த விஷயம் அந்தக் கோர்ட்டின் ஏட்டில் ஏற இவ்வளவு காலம் பிடித்தது.

இதுவரையில் சட்டத்தின் பக்கம் நியாயம் இருப்பதாக ஒப்புக்கொள்வதில் எனக்குச் சிரமம் ஏற்படவில்லை. சிரமம் தந்தது ஆஸ்கார் ஹார்ட்ஸெல் வழக்கு.

ஃப்ரான்ஸிஸ் டிரேக் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் 1596ல் பனாமாக் கரைக்கு அருகில் சீதபேதி கண்டு இறந்தார். ஈயப் பெட்டியில் வைத்துக் கடலில் இறக்கினார்கள். குழந்தைகள் கிடையாது. அவருடைய சொத்து அந்தக் காலத்திலேயே உறவினருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் 'அந்தச் சொத்து தீர்க்கப்படாமல் வளர்ந்துகொண்டே இருக்கிறது. உண்மை வாரிசு ஒருவர் இருக்கிறார். வழக்குச் செலவுக்குப் பணம் போட்டால் பல நூறு மடங்காகத் திரும்பி வரும்' என்று அமெரிக்காவில் சிலர் வெகு காலமாகக் கதை கட்டிப் பணம் பறித்து வந்தார்கள். ஹார்ட்ஸெல் அயோவா மாகாணத்துக் குடியானவர். அவர் குடும்பத்தினரும் இந்தக் கதைக்குப் பணம் கொடுத்து ஏமாந்தவர்கள்தாம். கதை பொய் என்று அவர் கண்டுகொண்டார். கண்டுகொண்டு போலீசுக்குப் போகவில்லை. கதையைத் தாமே எடுத்துக்கொண்டார்! நாவலாசிரியன் இந்த இடத்தை எழுதினால், விமரிசகர்கள் நம்ப மாட்டோம் என்பார்கள்.

அவர் லண்டனுக்குப் போய்ச் சீமான் மாதிரி வாழ்ந்தார். அயோவாவிலும் பக்கத்து மாகாணங்களிலும் அவருடைய ஆட்கள் வசூல் செய்து அனுப்பினார்கள். சொத்தின் மதிப்பு 2,200 கோடி டாலர் என்று சொல்லப்பட்டது. ப்ளிமத் நகரம் முழுவதும் அதில் அடக்கம்! பணம் போட்டவர்கள் சுமார் 70,000 பேர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. எல்லோரும் ஒரு சத்தியத்துக்குக் கட்டுப்பட வேண்டும்: மூச்சு விடக் கூடாது. யாரிடமாவது விசாரித்தால், யாருக்காவது எழுதிக் கேட்டால், பங்கு போய்விடும்.

1929ல் பொருளாதாரச் சரிவு வந்தது. பாங்குகள் மூடின, தானியத்துக்கு விலை இல்லை, நிலங்கள் ஏலம் போயின. டிரேக் சொத்துக்குப் பணம் நிற்கவில்லை. அப்படியொரு சொத்தே கிடையாது என்று பிரிட்டிஷ் சர்க்கார் சொன்னது. மறைக்கிறார்கள் என்றார்கள் பங்குதாரர்கள். ஹார்ட்ஸெல் விஷயம் தெரிந்தவர். பணத்தைத் தபாலில் அனுப்பக் கூடாது என்று கட்டளையிட்டிருந்தார். ஆட்கள் எழுதிய கடிதங்கள் தபாலில் போயிருந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் தபால் இலாகாவின் துப்பறிவாளர்கள் வழக்கைக் கட்டினார்கள். பிராது கொடுக்கிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. 1933ல் இங்கிலாந்து அவரை நாடு கடத்தியது. அதே வருஷம் அயோவாவில் சூ ஸிட்டி நகரத்தில் விசாரணை நடந்து, பத்து வருஷச் சிறை விதித்தார்கள்.

விசாரணையில் பழைய உயில்களைப் பற்றிய நிபுணர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். டிரேக்கின் சொத்து எப்போதோ பட்டுவாடாவாகிவிட்டது என்று எல்லோரும் தெரிந்துகொண்டார்கள். அதன் பிறகும் பணம் வந்துகொண்டிருந்தது. அவருடைய ஜாமீனுக்கும் வழக்குச் செலவுக்கும் கொடுத்தவர்கள், அவர் யாரை ஏமாற்றினாரென்று அரசாங்கம் சொன்னதோ அதே குடியானவர்கள். பணக்காரர்களும் சர்க்காரும் சேர்ந்து தங்கள் சொத்தைத் தடுப்பதற்காகவே இந்த வழக்கு என்று அவர்கள் நம்பினார்கள். ஹார்ட்ஸெல் சிறைக்குப் போய், அங்கே புத்தி பேதலித்தவராக வைத்தியர்களால் தீர்மானிக்கப்பட்டு, கைதிகளுக்கான ஆஸ்பத்திரி ஒன்றில் 1943ல் இறந்தார்.

இங்கேதான் நான் வெகு நேரம் நின்றுவிட்டேன். ஏமாந்தோம் என்று சொல்லாதவனுக்காக அரசாங்கம் வழக்குத் தொடுக்கலாமா? 1931ல் நிலத்தை இழந்த ஒரு கிழவன், வாரம் சில டாலரைக் கொடுத்து, ப்ளிமத் நகரத்தில் தனக்கு ஒரு பங்கு உண்டு என்ற நினைப்பை வாங்கிக்கொள்கிறான். அவன் நம்பிப் பணம் போட்ட பாங்கு மூடிக்கொண்டது. அதற்காக யாரும் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மிச்சமிருந்த ஒரே கனவையும் வந்து உடைப்பதற்கு இவர்கள் யார்? கோவில் உண்டியலில் போடுகிறவனைக் கணக்குக் கேட்கிறோமா என்றுகூட என் நண்பர் ஒருவர் கேட்டார். அவர் வக்கீல், கேட்பார்.

எனக்கு இதில் சொந்தச் சங்கடமும் உண்டு. நானும் பொய்யைத் தபாலில் அனுப்பிப் பிழைத்தவன். நடக்காத சம்பவங்களை, இல்லாத மனிதர்களை, எழுதிக் கவரில் போட்டுப் பத்திரிகைக்கு அனுப்பி மணியார்டர் வாங்கியிருக்கிறேன். என் கதாநாயகி ஒருத்தி செத்தபோது, கடைசி அத்தியாயத்தை மாற்றி எழுதும்படி கெஞ்சி ஓர் அம்மாள் நான்கு பக்கம் கடிதம் எழுதினார். அந்த அம்மாளின் கண்ணீருக்கு நான் கூலி வாங்கியவன்தானே? ஹார்ட்ஸெலுக்கும் எனக்கும் வித்தியாசம் என்ன?

வாசகருக்குத் தெரியும் என்பது சுலபமான பதில். அட்டையிலேயே நாவல் என்று போட்டிருக்கிறது. அது போதாது என்று நினைக்கிறேன். என் கதையைப் படித்த அம்மாள் அதைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லி அழலாம். கணவனிடம் சொல்லிச் சண்டை போடலாம். "இந்த ஆளுக்கு எழுதவே தெரியவில்லை" என்று எனக்கே எழுதலாம். வாயை மூடிக்கொள் என்று நான் அவரிடம் சத்தியம் வாங்கவில்லை. ஹார்ட்ஸெல் முதலில் வாங்கியது டாலரை அல்ல, அந்தச் சத்தியத்தைத்தான். ஒரு மனிதன் சந்தேகம் வந்தால் என்ன செய்வான்? மனைவியைக் கேட்பான், அண்ணனைக் கேட்பான், ஊரில் நாலு எழுத்துப் படித்தவரைக் கேட்பான். அந்த வாசல்களை ஒவ்வொன்றாகச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட பிறகு, "அவன் தானாகவே நம்பினான்" என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? அறைக்குள் பூட்டி வைத்தவனைப் பார்த்து, வெளியே போக விருப்பமில்லாதவன் என்று சொல்வது போல. அந்தக் கிழவனின் கனவை அரசாங்கம் உடைத்தது என்பது வாஸ்தவந்தான். ஆனால் அந்தக் கனவில் அவனுடையது மிகக் கொஞ்சம்.

பெரியப்பாவிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை. அந்த வேலையை நாங்கள் செய்தோம். எங்கள் சிரிப்பு அவர் வாயை மூடியது.

1937ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில் கலைக்களஞ்சியப் புத்தகம் விற்ற ஒரு கம்பெனியைப் பற்றிய வழக்கு வந்தது. இனாம் என்று சொல்லி விலையை வேறு வழியில் வாங்கிக்கொண்ட கம்பெனி. கொஞ்சம் யோசித்தாலே தெரிந்திருக்குமே என்ற வாதத்துக்கு நீதிபதி ப்ளாக் பதில் எழுதினார். வியாபாரத்தில் எதிரில் இருப்பவனைச் சந்தேகிக்க வேண்டியது எந்தப் பிரஜைக்கும் கடமையாகாது. சந்தேகக்காரனைப் போலவே நம்புகிறவனையும் காப்பதற்குத்தான் சட்டம் என்பது அதன் சாரம். இதைப் படித்தபோது, நம் ஊரில் யாராவது அன்று திண்ணையில் இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது. சந்தேகப்படத் தெரிவதை நாம் புத்தி என்கிறோம். எல்லோரும் எல்லோரையும் சந்தேகிக்கும் ஊரில் தபால் எதற்கு, கடை எதற்கு, கல்யாணந்தான் எதற்கு? நம்புகிறவர்கள் இருப்பதனால்தான் மற்றவர்களுக்கும் காரியம் நடக்கிறது. அவர்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம்.

இதெல்லாம் பழங்கதை, தபாலே ஓய்ந்துவிட்ட காலத்தில் இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். தபால் மோசடி ஓயவில்லை. 1994 முதல் 2014 வரையில், ஜோசியம் சொல்லும் பெண்மணி ஒருத்தியின் பெயரில் அமெரிக்காவெங்கும் கடிதங்கள் போயின. 'உங்களைப் பற்றி எனக்குக் கனவில் தெரிந்தது. உங்களுக்கு நல்ல காலம் வரப்போகிறது. இன்ன தொகை அனுப்புங்கள்' என்று. பார்வைக்கு ஒருவருக்கென்றே எழுதியது போல் இருக்கும். உண்மையில் ஒரே கடிதம் லட்சக்கணக்கில் போனது. பணம் அனுப்பியவர்கள் 13 லட்சத்துக்கு மேல். போன தொகை 17.5 கோடி டாலருக்கு மேல். பெரும்பாலும் வயதானவர்கள். நடத்திய கனடாக்காரருக்கு 2023ல் குற்றம் ரூபிக்கப்பட்டு, 2024ல் பத்து வருஷத் தண்டனை கிடைத்தது.

தொகையைக் கேட்டால் மலைப்பாக இருக்கிறது. என்னை உறுத்தியது வேறு. அந்த முதியவர்கள் பணத்தோடு கடிதமும் எழுதினார்கள். மகனைப் பற்றி, வியாதியைப் பற்றி, தனிமையைப் பற்றி. போட்டோ வைத்து அனுப்பினார்கள். கேட்டபடி தலைமுடியைக் கத்தரித்து வைத்து அனுப்பினார்கள். உறையைப் பிரித்துப் பணத்தை எடுத்துக்கொண்டு மற்றவற்றைக் குப்பையில் போட்டார்கள். 17.5 கோடியில் அது சேராது. எந்தக் கோர்ட்டும் அதைத் திருப்பிக் கொடுக்க உத்தரவு போட முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு முறை பணம் அனுப்பியவரின் விலாசம் ஒரு சரக்கு. அதற்கு விலை உண்டு. எப்ஸிலான் என்ற பெரிய விளம்பரத் தகவல் கம்பெனி 3 கோடிக்கு மேற்பட்டவர்களின் விலாசங்களை இப்படிப்பட்ட மோசடிக்காரர்களுக்கு விற்றதை ஒப்புக்கொண்டு, 2021ல் 15 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. அதில் 12.75 கோடி ஏமாந்தவர்களுக்கு நஷ்ட ஈடு. யார் நம்புவார், யார் மறுபடியும் நம்புவார் என்று கணக்குப் போட்டுப் பிரித்து வைத்திருந்தார்கள். நம்புவது ஒரு குணம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அங்கே அது ஜாபிதாவில் ஒரு வரி. பத்து வருஷச் சிறை அதிகம் என்று யாராவது என்னிடம் சொன்னால், நான் அந்த ஜாபிதாவைத்தான் நினைத்துக்கொள்வேன்.

தண்டனையினால் மோசடி நின்றுவிடும் என்று நான் நினைக்கவில்லை. போன பணமும் பெரும்பாலும் திரும்பாது. ஆனால் ஒரு நாள், ஒரு பொது இடத்தில், தலைநரைத்த ஒரு பெண்மணி கூண்டில் ஏறி, "ஆமாம், நான் அனுப்பினேன், நம்பினேன்" என்று சொல்கிறாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் சேவகன் அதட்டுவான். சிரிக்கக் கூடாத ஒரு இடத்தை அவளுக்காக ஒரு தேசம் செலவு செய்து கட்டி வைத்திருக்கிறது. எதிரே தலைகுனிந்து நிற்பவன் வேறொருவன்.

பெரியப்பா 2006ல் காலமானார். காரியங்கள் முடிந்த பிறகு பரணை ஒழித்தபோது அந்தப் பெட்டி கிடைத்தது. செங்கல்லைக்கூட அவர் எடுக்கவில்லை. கூடவே இரண்டு இன்லண்டு லெட்டர்கள் இருந்தன. இரண்டும் அந்தத் தபால் பெட்டி எண்ணுக்கு எழுதியவை. இரண்டும் விலாசதாரர் இல்லையென்று முத்திரை குத்தித் திரும்பி வந்தவை. முதலாவதில், பார்சல் கட்டும்போது கைத்தவறுதலாக வேறு பொருள் மாறி வந்துவிட்டதாகத் தெரிகிறது, சிரமத்துக்கு மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார். பத்திரம் எழுதுகிற அதே கையெழுத்து. இரண்டாவது ஆறு மாதம் கழித்து எழுதியது. பணம் வேண்டாம், பரிசும் வேண்டாம், நான் போட்ட விடை மெய்யாகவே சரியானதுதானா என்பதை மட்டும் இரண்டு வரி எழுதித் தெரிவித்தால் போதும் என்று கேட்டிருந்தார். கீழே ஒன்பது கட்டங்களையும் மறுபடி போட்டிருந்தார்.

"என்ன தம்பி அது?" என்று கீழேயிருந்து பெரியம்மா கேட்டாள். கணக்குத் தாள் பெரியம்மா என்றேன். ஏணியில் உட்கார்ந்தபடியே நெடுக்கில் கூட்டினேன், குறுக்கில் கூட்டினேன், மூலைக்கு மூலை கூட்டினேன். 15தான் வந்தது.